பாக்குமரத்தில் கொம்பு வைத்த பச்சைப் புழு – மருந்து அடிக்கலாமா, விடலாமா?

தீம்பார்_பையன் | பெஸ்தாரி ஜெயா | சனி, காலை 8:12

வணக்கம். வீட்டு முன்னால வேலி மாதிரி வச்சிருக்கிற மஞ்சள் தண்டுப் பாக்குமரத்தில ரெண்டு புழு கெடக்கு. நர்சரியில சாடியில வச்சு விப்பாங்களே, அந்த அழகு மரம், வெத்தலைக்கு ஆகாது. புழு நல்ல பச்சை, நீளவாக்கில மஞ்சக் கோடு. தலையில ரெண்டு கொம்பு, வாலும் ரெண்டா பிரிஞ்சிருக்கு. எந்தப் பக்கம் தலைன்னு தெரியவே நேரம் ஆச்சு. ஓலைக்கு அடியில நரம்போட நரம்பா ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஒரு வாரமா கறுப்பா ஒரு வண்ணத்துப்பூச்சி அந்த மரத்தைச் சுத்திக்கிட்டே இருந்தது. அதோட குட்டிதானா இது?

வீட்டுக்காரி மருந்து அடிக்கச் சொல்றா. நாளைக்கு மாமியார் வர்றாங்க. அதுக்குள்ள ஒரு முடிவு வேணும். படம் மூணு போட்டிருக்கேன், மூணாவது கொஞ்சம் ஆடிப்போச்சு.

ஆறாம்கட்டை | கிள்ளான் | சனி, காலை 8:20

மருந்து புழுவுக்கா மாமியாருக்கா? தெளிவா எழுதுங்க, பாஸ்.

செம்பனை_மண்டோர் | கோல சிலாங்கூர் | சனி, காலை 9:05

தம்பி, இது பாக்கு, தென்னை, செம்பனை (எண்ணெய்ப்பனை) மூணையும் திங்கிற புழு. நான் காட்டில 31 வருஷம் வேலை பார்த்தவன், ரிட்டாயர் ஆகி இப்பத்தான் நாலு வருஷம். இதை மட்டையில எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஆனா இதுக்காக நாங்க மருந்து அடிச்சதே கெடையாது. ஒரு மரத்தில ஒண்ணு, ரெண்டு இருக்கும். அவ்வளவுதான்.

எங்களுக்கு எமன் வேற. ‘உலாட் புங்குஸ்’. காஞ்ச ஓலைத் துண்டால பை தைச்சு அதுக்குள்ளயே குடியிருக்கும். அது வந்தா ஒரு தீம்பாரே, அதான் எஸ்டேட்டே, நெருப்பு வச்ச மாதிரி காவி நிறமாயிடும். அதுக்குத்தான் பம்பு, மெஷின் எல்லாம். உங்க கொம்புப் புழு அதுக்கு முன்னால சின்னப் பிள்ளை.

வீட்டு மரம்தானே, சோப்புத் தண்ணி அடிச்சு விடுங்க. செத்துடும்.

மழைக்காடு75 | ஈப்போ | சனி, காலை 10:31

சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஆளை அடையாளம் காண்போம்.

புழுவின் படம் தெளிவாக இருக்கிறது. இது காமன் பாம்ஃப்ளை என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் எலிம்னியாஸ் ஹைபர்ம்னெஸ்ட்ரா. 1763ல் லின்னேயஸ் பெயர் வைத்தது. பனைக் குடும்பத்து ஓலையில் வளர்வதால்தான் ‘பாம்ஃப்ளை’ என்ற பெயர். தமிழில் ‘பனைச் சிறகன்’ என்று நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இது நானே வைத்துக்கொண்டது, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சிக்கல் உங்கள் மூன்றாவது படத்தில். அந்தக் கறுப்புப் பூச்சி பாம்ஃப்ளைதானா, அல்லது ‘குரோ’ என்கிற காக்கை வண்ணத்துப்பூச்சியா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் பறக்கும்போது ஒன்றுபோலத்தான் இருக்கும். கோயில் பக்கத்தில் அரளி இருக்கிறதா? காமன் குரோ அரளி இலையில் முட்டையிடும். அது உட்காரும்போது தலையையும் நெஞ்சையும் பாருங்கள்: வெள்ளைப் புள்ளி இறைத்திருந்தால் குரோ. தலை வெறுமையாக, சிறகை மூடிக்கொண்டு, அடிப்பக்கம் காய்ந்த சருகு மாதிரி பழுப்பாக, பின்சிறகில் ஒரே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருந்தால் பாம்ஃப்ளை.

தீம்பார்_பையன் | சனி, மதியம் 12:47

அரளி இருக்கு, மூணாவது வீட்டில. ஆனா இப்பத்தான் பார்த்தேன்: அது உட்கார்ந்தா காணாமப் போயிடுது! காஞ்ச ஓலை தொங்குற இடத்தில போய் சிறகை மூடிக்கிச்சு. ஒரு சாண் தூரத்தில நின்னு தேடினேன். வெள்ளைப் பொட்டு ஒண்ணு இருந்தது. அப்ப பாம்ஃப்ளைதான்.

பறக்கும்போது சிறகு ஓரத்தில நீலப் பொட்டு மினுக்குது. மூடினா சருகு. ஒரே பூச்சிக்கு ரெண்டு சட்டை.

கறிவேப்பிலை_அக்கா | ரவாங் | சனி, மதியம் 1:15

தம்பி, மருந்தும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். நான் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள்; கறிவேப்பிலைப் புழுவை வகுப்பில் வருஷா வருஷம் வளர்ப்போம். பாக்கு ஓலைப் புழுவையும் இரண்டு முறை வளர்த்திருக்கிறேன். அகலமான ஐஸ்கிரீம் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், மூடியை எடுத்துவிட்டு வலைத்துணி கட்டுங்கள். ஓலையைத் துண்டாக வெட்டி, அடியை ஈரப் பஞ்சில் சுற்றி வையுங்கள். தினமும் புழுக்கையைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஓலையை மாற்றும்போது புழுவைக் கையால் பிடுங்காதீர்கள். அது கால்களால் இறுகப் பிடித்திருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். பழைய ஓலையோடு சேர்த்தே புது ஓலை மேல் வைத்தால் தானே நகர்ந்துவிடும்.

முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். உங்கள் புழு பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. பத்து நாளில் கூடு கட்டித் தொங்கும் பாருங்கள். அதையும் ‘கூடு’ என்று சொல்வது தப்புத்தான். பட்டுப்பூச்சி மாதிரி நூல் சுற்றாது. வெறும் பச்சைப் பொட்டலம், மேலே மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி. நகைக்கடையில் தொங்குகிற ஜிமிக்கி மாதிரி இருக்கும்.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சமாதானம் ஆகிவிடுவார்.

ஆறாம்கட்டை | சனி, மதியம் 1:22

அக்கா சொல்றது சரிதான்லா. மாமியாருக்கு ஜிமிக்கின்னு சொன்னா போதும்.

பொள்ளாச்சி_மணி | பொள்ளாச்சி | சனி, இரவு 9:40

மலேசிய நண்பர்களுக்கு வணக்கம். தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் தென்னந்தோப்பிலும் பாம்ஃப்ளை உண்டு. ஆனால் ஒரு சந்தேகம். இங்கே ஆண்தான் கறுப்பு, நீலப்பொட்டு. பெண் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சிறகு முனை கறுப்பு, வெள்ளைப் பட்டை. எருக்கஞ்செடியில் வளருமே பிளெய்ன் டைகர், அச்சு அசலாக அது மாதிரி. நீங்கள் பார்த்தது ஆண் என்றால் முட்டை போட்டது யார்?

மழைக்காடு75 | ஞாயிறு, காலை 7:03

நல்ல கேள்வி மணி. எங்கள் பக்கத்தில் பெண்ணும் கறுப்புத்தான். தாய்லாந்துப் பக்கம் போனால் உங்கள் ஊர் மாதிரி ஆரஞ்சுப் பெண். இங்கே பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஒரே சாயல், பெண் கொஞ்சம் வெளிறியிருக்கும்.

காரணம் வேஷம். பாம்ஃப்ளை தின்பது ஓலை. அதில் விஷம் இல்லை. குருவிக்கு அது ருசியான பண்டம். அதனால் விஷமுள்ள பூச்சியின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. உங்கள் ஊரில் பெண், எருக்குப் பாலில் வளர்ந்த டைகரைப் பார்த்து வேஷம் கட்டுகிறது. இங்கே இரண்டு பேரும் காக்கை வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக் கட்டுகிறார்கள். நான் நேற்று அரளியைப் பற்றிக் கேட்டது அதனால்தான். மூன்றாவது வீட்டு அரளியில் வளர்கிற பூச்சி குருவிகளுக்குக் கசந்தால்தான், இவர் வீட்டுப் பாக்குமரத்துப் பூச்சி பிழைக்கும்.

ஒரு திருத்தம்: ‘ஆரஞ்சுப் பாம்ஃப்ளை பார்த்தேன்’ என்று மலேசியாவிலிருந்து யாராவது படம் போட்டால், நம்புவதற்கு முன் எந்த ஊர் என்று கேளுங்கள். வடக்கே என்றால் இருக்கலாம்.

செம்பனை_மண்டோர் | ஞாயிறு, காலை 8:18

சரி, அழிக்க வேணாம். தோத்துட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஈப்போக்காரர் எழுதின இன்னொரு இழையில ‘இது காட்டோர வண்ணத்துப்பூச்சி, மரநிழல்ல வாழும்’னு படிச்சேன். அப்ப எங்க செம்பனைக் காட்டில இது ஏன் இவ்வளவு இருக்கு? உச்சி வெயில்லயும் நெரைக்குள்ள போனா முட்டி உயரத்தில பறந்துக்கிட்டே இருக்கும். அதுவும் காடுதானே?

தீம்பார்_பையன் | ஞாயிறு, காலை 8:44

மண்டோர் ஐயா கேட்டது எனக்கும் தோணிச்சு. எங்க வீட்டில ‘காடு’ன்னா வேலை செய்யிற எடம். அம்மா விடியக்காலம் நாலரைக்கு எழுந்து ‘காட்டுக்குப் போறேன்’னா மரம் வெட்டப் போறதுன்னு அர்த்தம். கித்தாக்காடு (ரப்பர் தோட்டம்), செம்பனைக்காடு, மேட்டுக்காடு, பாசாக்காடு. நெசக் காட்டுக்கு எங்க தாத்தா ‘பெரிய காடு’ன்னு சொல்லுவாரு. அப்படி ஒரு வேற சொல்லு தேவைப்பட்டிருக்கு பாருங்க.

பொள்ளாச்சி_மணி | ஞாயிறு, காலை 9:30

ஐயோ, ‘மரம் வெட்டப் போனாள்’ என்றால் எங்கள் ஊரில் கோடாரியோடு போனாள் என்று அர்த்தம்!

தீம்பார்_பையன் | ஞாயிறு, காலை 9:34

பால்வெட்டுங்க மணி அண்ணே. ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறது. மரம் நல்லா இருக்கும்.

மழைக்காடு75 | ஞாயிறு, காலை 11:50

மண்டோர் ஐயாவின் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்ஃப்ளைக்கு வேண்டியது இரண்டுதான். புழுவுக்கு ஓலை, பறக்கிறவனுக்கு நிழல். பூவில் இதை அதிகம் பார்க்க முடியாது. விழுந்து அழுகின பழம்தான் சாப்பாடு. பெரிய காட்டில் இதன் புழுவுக்குப் பிரம்பும் ஆகும், வேறு காட்டுப் பனையும் ஆகும். நாம் என்ன செய்தோம்? காட்டை வெட்டிவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பனையைக் கொண்டுவந்து, ஹெக்டருக்கு 136, 148 என்று நட்டு, ஓலைக்கு ஓலை தொடுகிற மாதிரி நிழலும் போட்டுக் கொடுத்துவிட்டோம். பாம்ஃப்ளைக்கு அது பந்தி. மட்டையை வெட்டி வரிசையில் அடுக்குகிறீர்களே, அந்தச் சருகு நிறம் அது ஒளிவதற்கு. உதிரிப்பழம் அழுகிக் கிடந்தால் அதுவும் விருந்து.

ஆக, அது அங்கே நிறைய இருப்பதால் அந்த இடம் காடு என்று ஆகாது. காட்டிலிருந்த பல வகைகளில் இது போன்ற ஒரு சிலவற்றுக்கு மட்டும்தான் நம் பயிர் ஒத்துப்போனது. ராஜா புரூக் பறவைச்சிறகை எடுத்துக்கொள்ளுங்கள்; இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1855ல் பெயர் வைத்தது, நம் நாட்டுத் தேசிய வண்ணத்துப்பூச்சி. அதன் புழுவுக்குக் காட்டுக்குள் ஏறுகிற ஒரே ஒரு கொடிச் சாதிதான் தீனி. கோப்பெங் பக்கம் உலு கெரோவில் ஆற்று மணலில் கூட்டமாக உட்காரும். அங்கிருந்து இறங்கி செம்பனைக்குள் வந்தால் அதற்குத் தின்ன ஒன்றுமே இல்லை.

பேசுகிறபோது ‘எஸ்டேட்டில்கூட வண்ணத்துப்பூச்சி நிறைய’ என்று சிலர் சொல்வார்கள். நிறைய என்பது எண்ணிக்கை. வகை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள், இரண்டு கை விரலிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். தீபகற்பத்தில் மொத்தம் ஆயிரத்துக்கு மேல் வகைகள்.

செம்பனை_மண்டோர் | ஞாயிறு, மாலை 5:22

வெளங்குச்சு. ஆனா ‘ஒண்ணுமே இல்ல’ங்கறதை ஒத்துக்க மாட்டேன். சடக்கு (ரோடு) ஓரத்தில மஞ்சப்பூச்செடி நட்டிருப்பாங்க பார்த்திருக்கீங்களா? டர்னேரா. கூடவே ரோஸ் நிறத்தில ஒரு கொடி. சனங்க எல்லாம் அழகுக்குன்னு நெனைக்கும். துரை வீட்டுக்குப் போற வழியில இருக்கிறதால அப்படி ஒரு எண்ணம். அழகுக்கு இல்ல. உலாட் புங்குஸைக் கொல்லுற குட்டிக் குளவிக்குத் தேன் கெடைக்கணும், அதுக்குத்தான். குளவி அந்தப் பூவில தேன் குடிச்சிட்டு, போய் புழு மேல முட்டை வைக்கும். மருந்துச் செலவு மிச்சம்.

பூச்சியால எஸ்டேட்டு நடந்த கதை இன்னொண்ணும் இருக்கு. நான் வேலைக்குச் சேரும்போதே பழைய ஆளுங்க இதைத்தான் பேசுவாங்க. எங்க பெரியம்மா, சின்னம்மா எல்லாம் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊதுற வேலை பார்த்தவங்க. மகரந்தத்தை டால்கம் பவுடர்ல கலந்து, பொட்டணத்தில வச்சு, குழாயால ஒவ்வொரு பொண் பூவிலயும் பீச்சணும். வீட்டுக்கு வந்தா பவுடர் வாசனைதான். ஏன்னா ஆப்பிரிக்காவில இந்த வேலையைச் செய்யிற வண்டு இங்க கெடையாது. மரத்தைக் கொண்டுவந்தவங்க வண்டை விட்டுட்டு வந்துட்டாங்க. 1981ல கேமரூன்லருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க. அரிசி அளவுகூட இருக்காது. கொஞ்ச நாள்ல பெரியம்மாவுக்கு வேற வேலை பார்க்க வேண்டியதாப்போச்சு.

கறிவேப்பிலை_அக்கா | ஞாயிறு, மாலை 6:10

ஐயா, இதை நீங்கள் எங்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ‘மகரந்தச் சேர்க்கை’ என்று நான் பலகையில் படம் வரைந்து கஷ்டப்படுகிறேன்.

தீம்பார்_பையன் | ஞாயிறு, இரவு 8:55

எங்க ஊர்க்காரனா ஒரு தகவல். மலாயாவில செம்பனையை வியாபாரத்துக்குன்னு மொதல்ல நட்டது இங்க, பெஸ்தாரி ஜெயாவிலதான். 1917ல, ஹென்றி ஃபோகொன்னியே என்கிற பிரெஞ்சுக்காரர். எஸ்டேட் பேரு தென்னமரம். இங்கிலீஷ் பலகையிலயும் ‘தென்னமரம்’னுதான் எழுதியிருக்கும். மொத செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னை மரத்துப் பேரு, அதுவும் தமிழ்ப் பேரு. பாம்ஃப்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சந்தோஷப்பட்டிருக்கும்.

அப்ப ஊருக்குப் பேரு பத்தாங் பெர்ஜுந்தை. வயசானவங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க.

மாமியார் வந்தாச்சு. ஜிமிக்கிக் கதை பலிக்கல, ‘கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்குமா?’ன்னுதான் கேட்டாங்க. அரிக்குமா?

கறிவேப்பிலை_அக்கா | ஞாயிறு, இரவு 9:02

அரிக்காது. முடி இல்லாத வழவழப்பான புழு, கொம்பும் வெறும் பயமுறுத்தல்தான். ஆனால் செம்பனையிலும் தென்னையிலும் வளர்கிற இன்னொரு பெரிய வகை இருக்கிறது, பாம் கிங். அதன் புழுவுக்கு உடம்பெல்லாம் முடி, கூட்டமாக இருக்கும். நெட்டில் புழு என்று முள் வைத்த வேறு ஒன்றும் உண்டு, அது தொட்டால் நெருப்பு. அந்த இரண்டையும் தொடாதீர்கள்.

மழைக்காடு75 | செவ்வாய், காலை 7:40

பாம் கிங் சாயங்காலத்தில்தான் வெளியே வரும். ஆளைப் பார்த்தால் சருகு எழுந்து பறக்கிற மாதிரி இருக்கும். விளக்கடியில் விழுந்து கிடப்பது ஈவினிங் பிரவுன் என்கிற வேறு வண்ணத்துப்பூச்சியாக இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் புழு ஓலை தின்னாது, புல் தின்னும்.

தீம்பார்_பையன் | சனி, மதியம் 2:30

ஒரு வாரம் ஆச்சு. பெரிசு நேத்து ராத்திரி தலைகீழா தொங்கிச்சு, காலையில பார்த்தா பச்சைப் பொட்டலம். அக்கா சொன்ன மாதிரியே சிவப்புப் புள்ளி. சின்னது இன்னும் தின்னுக்கிட்டே இருக்கு, ஒரு ஓலை ஒரு நாளைக்கு.

இன்னிக்கு ஒரு வேலை பண்ணினேன். இந்த இழையைப் படிச்சதில இருந்து மனசு கேக்கல. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு மூணு எடம் போய் ஒவ்வொண்ணுலயும் அரை மணி நேரம் நின்னேன்.

மொத எடம் செம்பனை. மரத்துக்கு வயசு பதினைஞ்சு இருக்கும். மரத்தைச் சுத்தி வட்டமா களைமருந்து அடிச்சு மண்ணு வழுக்கையா இருந்தது. பாம்ஃப்ளை ஆறு. ஈவினிங் பிரவுன் ஒண்ணு மட்டைக் குவியல்லருந்து எழும்பிச்சு. வேற சின்ன மஞ்சள் ஒண்ணு, அல்லூர் (வாய்க்கால்) ஓரத்தில. அவ்வளவுதான்.

ரெண்டாவது, எங்க மாமாவோட பழைய கித்தாக்காடு, மூணு ஏக்கர். விலை இல்லாததால பத்து வருஷமா யாரும் வெட்டல. செடி கொடி மண்டிக் கெடக்கு, செந்தூடுக் பூச்செடி, லாலாங் புல், வேலியில நிபோங் பனை ரெண்டு. அங்க பாம்ஃப்ளை ரெண்டே ரெண்டு. ஆனா கண்ணு போட்ட சின்னப் பழுப்பு வகை மட்டும் மூணு வேற வேற இருந்தது, தரையோட தரையாக் குதிச்சுக் குதிச்சுப் பறக்குது. கறுப்பில வெள்ளைக் கோடு போட்ட ஒண்ணு, மேல போயிடுச்சு, படம் எடுக்க முடியல. நீலம் நாலஞ்சு. நான் பேர் தெரியாம எண்ணினதே பதினொண்ணு.

மூணாவது, ராஜா மூசா பக்கம் சதுப்புக்காட்டு ஓரம். உள்ள போகல, ஓரத்திலயே நின்னேன். தண்ணி டீ நிறம். அங்க பாம்ஃப்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒண்ணு, நிழல்ல. மத்ததெல்லாம் மரத்து உச்சியில போகுது, கீழ நின்னு என்னால ஒண்ணும் சொல்ல முடியல. கொசு மட்டும் சரியா எண்ணிச்சு என்னை.

தாத்தா ஏன் அதுக்கு மட்டும் ‘பெரிய காடு’ன்னு சொன்னாருன்னு அங்க நிக்கும்போது யோசிச்சேன்.

மழைக்காடு75 | சனி, மாலை 4:12

தம்பி, உங்கள் எண்ணிக்கை பள்ளிக்கூடப் பாடமாக வைக்கலாம். கண் போட்ட பழுப்பு வகைகள் புஷ் பிரவுன். அவற்றின் புழுவுக்குப் புல் வேண்டும். செம்பனையில் ஒன்றுகூடப் பார்க்கவில்லை என்றால் காரணம் அந்த வழுக்கை வட்டம். பழைய ரப்பரில் மேலே நிழல் இருந்தது, கீழே புல்லும் செடியும் இருந்தன. ரப்பர் வருஷத்துக்கு ஒருமுறை இலை உதிர்க்கும்போது வெளிச்சமும் தரைக்கு வரும். அதுவும் வெளிநாட்டு மரம்தான், பிரேசில். இருந்தாலும் காலடியில் என்ன வளர விட்டோம் என்பதில் வித்தியாசம் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: அரை மணி நேரம், ஒரு நாள், ஒரு ஆள். இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. வெயில், மழை, நேரம் எல்லாமே மாற்றும். வேறு மாதத்தில் அதே நேரத்துக்கு மறுபடி போய் எண்ணுங்கள்.

செம்பனை_மண்டோர் | சனி, மாலை 6:45

வழுக்கை வட்டத்தைப் பத்திச் சொல்லணும். அதை அடிச்சது எங்க பொம்பளைங்க. முதுகில பம்பு, பாதி பேருக்கு முகமூடி கெடையாது. பாராகுவாட்ங்கற களைமருந்து 2020ல இங்க தடை ஆயிடுச்சு, நல்ல காரியம். ஆனா அதுக்கு முன்னால அதை அடிச்ச கைங்க எத்தனை. எங்க எஸ்டேட்டு நிர்வாகம் கையுறை கொடுத்தது, கணக்குக்கு. வேர்வையில கையுறை ஒட்டும், கழட்டி எறிஞ்சிடுவாங்க. நான் மண்டோரா, அதான் மேஸ்திரியா நின்னு ‘போடு, போடு’ன்னு கத்தியிருக்கேன். நானும் போட்டதில்ல.

வட்டம் சுத்தமா இருந்தாத்தான் உதிரிப்பழம் பொறுக்க முடியும், உரம் மரத்துக்குப் போகும். அது வேலை. ஆனா நெரைக்கு நெரை நடுவில இருக்கிற செடியை அடிக்கச் சொல்லி ஆர்டர் கெடையாது. அதை அப்படியே விடணும், ஆனா ‘சுத்தமா இருக்கட்டும்’னு சில பேரு எல்லாத்தையும் அடிச்சிடுவாங்க. துரை வண்டியில போகும்போது பார்வைக்கு நல்லா இருக்கணுமே. பூச்சிக்கு அந்தப் பார்வைதான் எமன்னு இப்பத் தெரியுது.

பொள்ளாச்சி_மணி | சனி, இரவு 10:05

தென்னந்தோப்பிலும் இதே கதைதான் ஐயா. உழுது, சுத்தம் செய்து, தரை பளபளவென்று இருந்தால்தான் தோட்டக்காரனுக்குப் பெருமை.

தீம்பார்_பையன் | வெள்ளி, காலை 6:50

கெட்ட சேதி. பெரிய பொட்டலம் கறுத்துப்போச்சு. சிறகு வரப்போகுதுன்னு நெனைச்சு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம், மாமியாரும்தான். காலையில பார்த்தா பக்கவாட்டில ஒரு ஓட்டை. டப்பாவுக்குள்ள கறுப்பா ஒரு குளவி. எறும்பை விடக் கொஞ்சம் பெரிசு.

செம்பனை_மண்டோர் | வெள்ளி, காலை 7:15

பின்னங்கால் தொடை தடிச்சு, மஞ்சள் திட்டு இருக்கா? வெட்டுக்கிளித் தொடை மாதிரி?

தீம்பார்_பையன் | வெள்ளி, காலை 7:19

ஆமா ஐயா! மஞ்சத் திட்டு இருக்கு.

செம்பனை_மண்டோர் | வெள்ளி, காலை 7:31

நம்ம ஆளு. டர்னேராப் பூவில தேன் குடிக்கிற கூட்டம். உலாட் புங்குஸ் பைக்குள்ளயும் இதே சாதிதான் முட்டை வைக்கும். அதுக்கு நல்ல புழு, கெட்ட புழுன்னு பேதம் தெரியாது. கொன்னுடாதீங்க, வெளிய விடுங்க.

ஆறாம்கட்டை | வெள்ளி, காலை 7:40

மண்டோர் வளர்த்த படை வந்து தம்பி வீட்டிலயே தாக்குதல் நடத்தியிருக்கு. மாமியார் என்ன சொன்னாங்க?

தீம்பார்_பையன் | வெள்ளி, காலை 7:52

‘சரி, அடுத்ததைப் பார்ப்போம்’னாங்க. வலைத்துணியை அவங்களே ரெண்டு மடிப்பா கட்டியிருக்காங்க. ஊருக்குத் திரும்புற டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டாச்சு. இதுக்கு நான் யாரைக் குத்தம் சொல்றது?

கறிவேப்பிலை_அக்கா | வெள்ளி, காலை 10:20

வருத்தப்படாதீர்கள் தம்பி. நீங்கள் டப்பாவில் எடுத்து வைப்பதற்கு முன்பே குளவி முட்டை வைத்திருக்கலாம். அதனால்தான் நான் பிள்ளைகளுக்கு முட்டையிலிருந்தே எடுக்கச் சொல்வேன். ஓலைக்கு அடியில் ஒன்று ஒன்றாகத்தான் வைக்கும், வெளிர் மஞ்சளாக, உருண்டையாக இருக்கும்.

தீம்பார்_பையன் | புதன், காலை 9:14

வந்துடுச்சு!! சின்னது. காலையில ஏழு மணிக்குள்ள வெடிச்சு வெளிய வந்து, பொட்டலத்தைப் பிடிச்சுக்கிட்டே தொங்கிச்சு. சிறகு மொதல்ல நனைஞ்ச துணி மாதிரி சுருங்கிக் கெடந்தது, அரை மணி நேரத்தில விரிஞ்சிடுச்சு. நீலம் நல்லா அடர்த்தியா இருக்கு. ஆணா பொண்ணான்னு ஈப்போ ஐயா படம் பார்த்துச் சொல்லுங்க.

ரெண்டு மணி நேரம் அசையல. வலையைத் திறந்து வச்சோம். எங்க பாக்குமரத்துக்குப் போகும்னு நெனைச்சா, எதிர் வீட்டுத் தென்னைக்குப் போய் காஞ்ச மட்டைக்குள்ள உட்கார்ந்து காணாமப் போச்சு. மாமியார் வெத்தலை போட்டுக்கிட்டே கால் மணி நேரம் அந்த மட்டையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

மழைக்காடு75 | புதன், காலை 11:02

ஆண். வாழ்த்துகள்.

பினாங்கு_லட்சுமி | புதன், இரவு 8:33

வணக்கம், புதுசா சேர்ந்திருக்கேன். என் எலுமிச்சைச் செடியில குருவி எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, தட்டிவிடப் பார்த்தா நகருது. இதுவும் உங்க கொம்புப் புழுவா? மருந்து வாங்கி வச்சிருக்கேன், இன்னும் திறக்கல.

கறிவேப்பிலை_அக்கா | புதன், இரவு 8:35

திறக்காதீர்கள்! புது இழை ஒன்று ஆரம்பித்துப் படம் போடுங்கள், இதோ வருகிறேன்.